மேல் பட்டன் போட்ட பிள்ளைகள்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கிற எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் நேராக இங்கே வந்திருக்கிற பனியன் கம்பெனித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்கள் ஒரு கல்யாண வரவேற்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கடைசிவரை இருக்க வேண்டும். அவர்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

ஃபிரெட் பெர்ரி என்ற சட்டையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அது பிறந்த கதை, பிரிட்டிஷ் இளைஞர்கள் அதைத் தமதாக்கிக்கொண்ட கதை, ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு அதன் வணிகம். எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் "ஆள் பாதி, ஆடை பாதி" என்பார். அந்த ஆள் பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

சட்டைக்குப் பெயர் தந்த டென்னிஸ் வீரர் ஃபிரெட் பெர்ரி 1909இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, கூட்டுறவு இயக்கத்துக்காரர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். மகன் முதலில் மேசைப்பந்து ஆடினார். 1929இல் புடாபெஸ்டில் உலக சாம்பியன். அப்புறம்தான் டென்னிஸ்.

1934. விம்பிள்டன் இறுதி ஆட்டம். எதிரே ஆஸ்திரேலியாவின் ஜாக் கிராஃபோர்ட், முந்தைய ஆண்டின் சாம்பியன், கனவான். நம் ஆள் 6-3, 6-0, 7-5 என்று வீழ்த்திவிட்டார். கால் வலி தீர வெந்நீர்த் தொட்டியில் படுத்திருக்கிறார். அப்போது விம்பிள்டனை நடத்துகிற மன்றத்துப் பெரியவர் ஒருவர் உடை மாற்றும் அறைக்குள் வருகிறார். தொட்டியில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. கையில் ஷாம்பெயின் பாட்டில். ஜெயித்தவருக்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? தோற்றவர் கையில் கொடுக்கிறார். இன்றைக்கு ஜெயித்தவன் சிறந்த ஆட்டக்காரன் அல்ல என்று ஆறுதலும் சொல்கிறார். சாம்பியன் ஈரத்தோடு எழுந்து வந்து பார்த்தால், வெற்றியாளனுக்கு மன்றம் தருகிற டை நாற்காலி முதுகில் தொங்குகிறது. கையில் கொடுக்கவும் ஆளில்லை, கை குலுக்கவும் ஆளில்லை. அன்று வந்த கோபம் வாழ்நாளில் தணியவில்லை என்று பெர்ரியே சொல்லியிருக்கிறார். ஆலைத் தொழிலாளியின் மகன் அந்தப் புல்தரையில் ஜெயித்ததை அவர்களால் தாங்க முடியவில்லை.

அவர் 1935, 1936 என்று மறுபடியும் ஜெயித்தார். அதற்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ் ஆண் விம்பிள்டன் ஒற்றையரை வெல்ல 77 ஆண்டுகள் ஆயின. பணத்துக்கு ஆடப் போனதும் மன்ற உறுப்பினர் என்ற மரியாதையையும் பறித்தார்கள். 1984இல் அதே வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

டிபி வெக்னர் என்ற யூத வணிகரோடு சேர்ந்து அவர் இந்தச் சட்டையைக் கொண்டுவந்தது 1952இல். நமக்கு வாகை மாதிரி அவர்களுக்கு லாரல் இலை. விம்பிள்டனின் அந்தப் பழைய சின்னத்தையே நெஞ்சில் தைத்தார்.

இதோ, என் கையில் இருக்கிறது. காலர் ஓரத்தில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன. டிப்பிங் போடுகிற தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வெள்ளை மட்டும்தான் வந்தது. வெஸ்ட் ஹாம் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணியின் நிறத்தில் கோடு கேட்டதால் இது வந்தது என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. பிறகு அறுபதுகளில் 'மாட்' என்று பெயர் எடுத்த, உடையில் மிடுக்குப் பார்க்கிற இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். பகலில் ஆலை, ஆபீஸ், இரவெல்லாம் நடனம். பிக்கே பின்னல் வியர்வையைக் குடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். மேல் பட்டன்வரை போட்டால் டை கட்டாமலே மிடுக்கு. அவர்களுக்குப் பின் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்ட ஸ்கின்ஹெட்டுகள், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் ஸ்கா இசைக்கு ஆடியவர்கள். 1979இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில், அதே ஸ்கா வழிவந்த டூ டோன் இசைக்குழுக்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஏறியபோதும் இதே சட்டைதான்.

ஆள் பாதி, ஆடை பாதி. ஆடையை மட்டும் திருடிக்கொண்டவர்களும் உண்டு. இனவெறிக் கூட்டங்கள் இதே சட்டையைச் சீருடையாக்கின. 2020இல் 'ப்ரௌட் பாய்ஸ்' என்ற அமெரிக்கத் தீவிர வலதுசாரிக் கூட்டம் அணிந்து திரிந்ததால், கறுப்புச் சட்டையில் மஞ்சள் கோடு போட்ட வகையை அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. விற்பனை போனாலும் பரவாயில்லை என்று நின்றார்களே, அதற்காக இன்னும் ஐந்து நிமிடம் பேசலாம். நேரமில்லை. வணிகக் கதையையும் விட்டுவிடுகிறேன். அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

ஒன்றே ஒன்று. பெர்ரி ஆட்டம் கற்றது எங்கே? பணக்காரர் மன்றத்திலா? இல்லை. லண்டன் ஈலிங்கில் பிரெந்தம் என்றொரு கூட்டுறவுக் குடியிருப்பு. குடியிருந்தவர்கள் சேர்ந்து கட்டியது. வீடுகளுக்கு நடுவே டென்னிஸ் ஆடுகளம் விட்டிருந்தார்கள். வீட்டை விட்டு இறங்கினால் ஆடலாம். ஆள் பாதி அங்கேதான் உருவானது, ஆடை பாதி அப்புறம் வந்தது.

எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்கள். இரண்டு ஏக்கர் மண் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் மதில் ஓரம், வேன் போகிற ரோட்டில் செங்கல்லை ஸ்டம்பாக வைத்து ஆடுகிறார்கள். போன மாதம் பந்தை எடுக்க ஓடிய எட்டு வயதுப் பையனின் கால்மேல் டெம்போ ஏறியது. கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். அவன் அண்ணன் இங்கேதான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

இரவு எட்டு மணிவரை கேட்டைத் திறந்துவிடுங்கள், இரண்டு விளக்கு போடுங்கள், ஒரு காவலாளிக்குச் சம்பளம் கொடுங்கள். பொறுப்பேற்க நாங்கள் இருபது பெற்றோர் தயார். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, முதல் கையெழுத்துக்கு மேல் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். வணக்கம்.