துணி காயவில்லை என்பதும் செடிப் பேச்சுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சமூக மன்றத்தின் குளிரைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'வீட்டுத்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் செடி சாராத அரட்டை வேரா, களையா?' வேர் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி இரண்டு குற்றமும் ஒரு யோசனையும் வைத்தார். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் மாவுப்பூச்சி பற்றிக் கேட்ட கேள்வி, எந்தக் கடை மீ சியாம் சேமியா ருசி என்ற நூறு செய்திக்கு அடியில் புதைந்துபோனது. கைப்பேசியில் இடம் நிரம்புகிறது. ஆகவே அரட்டைக்குத் தனிக் குழு வேண்டும். களை பிடுங்குகிற வேகத்தில் பேசினார். பிடுங்கியது களைதானா என்று பார்ப்போம்.

கேள்வி கேட்பவர், தனக்கு எது சம்பந்தம் என்று தோன்றுகிறதோ அதை மட்டும்தான் சொல்வார். செடிக்கு வந்த கேட்டின் காரணம் பெரும்பாலும் அவர் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவைத்த பக்கத்தில் கிடக்கும். அது வெளியே வருகிற வாசல் அரட்டை ஒன்றுதான்.

நவம்பர் மாதம் என்று வையுங்கள். 'மிளகாய் பூக்கவில்லை, என்ன உரம் போடலாம்?' ஒருவர் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் என்பார், இன்னொருவர் பொட்டாஷ் என்பார். அதே ஆள் மூன்று நாள் முன்னால் அரட்டையில் எழுதியிருப்பார்: 'மூங்கில் கழியில போட்ட துணி சாயந்திரம் வரைக்கும் ஈரமாவே இருக்கு.' விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'உங்க தாழ்வாரம் எந்தத் திசை?' வடக்கு. முடிந்தது கதை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்தே போகிறது. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் அந்த ஆறு மாதம் நேர்வெயில் விழாது. போதாக்குறைக்கு மழைமூட்டம் வேறு. மிளகாய்க்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். வெயில் இல்லாத செடிக்கு எந்த உரம் போட்டாலும் பூ வராது. தழைச்சத்தைக் கூட்டினால் தண்டு நீளும், இலை பெருக்கும், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்துக்கு மிளகாயைத் தெற்குச் சன்னலுக்கு உட்புறமாக மாற்றலாம். சன்னல் விளிம்பில் வைத்துவிடாதீர்கள், கீழே விழுந்தால் வழக்கு உங்கள் மேல். இடமில்லையா? அங்கே வல்லாரை, பொன்னாங்கண்ணி போடுங்கள், ஏப்ரலில் மறுபடி மிளகாய்க்கு வாருங்கள். உரக் கேள்விக்கு விடை துணிப் பேச்சில் இருந்தது, நடுவர் அவர்களே.

இன்னொன்று. 'பக்கத்து வீட்ல ரெண்டு வாரமா ஓடு உடைக்கிறாங்க, மண்டை வெடிக்குது.' இது செடிப் பேச்சா? இல்லவே இல்லை என்பீர்கள். அதே வீட்டுக் கறிவேப்பிலையில் புதுக்கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச்சத்துக் குறையின் முகம். மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல பொருள். சிமெண்டுத் தூசி காரத்தன்மை உள்ளது, அது தொட்டியில் படிந்து மண்ணைக் காரமாக்கினால் இருக்கிற இரும்பையும் வேர் எடுக்க முடியாது. இலையைக் கழுவி, மேல்மண்ணை இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டு மக்கிய உரம் போட வேண்டும். தேறவில்லை என்றால் செடி எளிதில் உறிஞ்சும்படி செய்த கீலேட் இரும்பு உரத்தை உறையில் சொன்ன அளவுக்குக் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். அடியிலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. மண் சொதசொதவென்று இருந்து செடி முழுக்க மஞ்சளாகி வாடினால் வேரழுகல், அதற்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும். மூன்றும் படத்தில் மஞ்சள்தான். எது என்று பிரித்துச் சொல்ல உதவுவது அந்த 'மண்டை வெடிக்குது'!

பீர்க்கு பற்றி ஒரு வரி. 'வேலை முடிஞ்சு வரும்போதுதான் பூ சிரிக்குது' என்று அரட்டையில் யாராவது ரசித்து எழுதினால் குறித்துக்கொள்ளுங்கள். பாகல் காலையில் மலரும், பீர்க்கு மாலையில் மலரும். பாகலுக்குச் செய்கிற மாதிரி காலையில் தூரிகையோடு போய் மகரந்தம் தடவினால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். பத்தாவது மாடிக்குப் பூச்சியும் அதிகம் வராது. மாலையில் ஆண்பூவைப் பறித்து, இதழை ஒதுக்கி, அடியில் குட்டிக்காய் ஒட்டியிருக்கிற பெண்பூவின் நடுவில் தேய்க்க வேண்டும்.

இனி குற்றப்பட்டியல். மாவுப்பூச்சிக் கேள்வி புதைந்தது உண்மை. மண் அள்ளிப்போட்டது மீ சியாமா? படத்தைப் போட்டு 'இது ஏன் இப்படி?' என்று மட்டும் எழுதினால், மறுநாள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? செடிப் பெயர் எழுதினாலும் ஒருவர் கறிவேப்பிலை என்பார், ஒருவர் கருவேப்பிலை என்பார், தேடுபொறிக்கு அவை இரண்டு செடி. வழி எளிது. செய்தியை 'கேள்வி' என்ற சொல்லோடு தொடங்கச் சொல்லுங்கள், அதைத் தட்டினால் எல்லாம் வரிசையாக வரும். இலையின் அடிப்பக்கம், மேல்மண், தொட்டியின் அடித்துளை என மூன்று படம் கட்டாயம். விடை வரும்வரை நிர்வாகி அதை மேலே பொருத்திவைக்கலாம். அப்படிப் பொருத்திவைக்க வாட்ஸ்அப் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று கால அளவு தருகிறது. 7 நாள் தாராளம். (மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடியில். எறும்பை விரட்டாவிட்டால் பூச்சி திரும்பி வரும், அது சுரக்கும் தேன் போன்ற இனிப்புநீருக்காக எறும்புதான் அதற்குக் காவல். புதைந்த கேள்விக்கு விடை சொல்லாமல் போனேன் என்று இருக்கக் கூடாது.)

இடம் நிரம்புவது அரட்டையால் அல்ல, காலை வணக்க ரோஜாவால். அதை அரட்டை என்று சேர்த்துக்கொண்டது எதிரணியின் சாமர்த்தியம். பேசினால்தானே அரட்டை? யாரோ அனுப்பியதை யாருக்கோ தள்ளிவிடுவது அஞ்சல் வேலை. இரட்டை அம்புக்குறியோடு வருவது பலமுறை கைமாறிய சரக்கு, அதைப் போடக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். தானாகப் படம் இறங்குவதை அமைப்பில் நிறுத்துங்கள். அதோடு சரி.

தனிக் குழு யோசனைக்கு வருகிறேன், அங்கேதான் எனக்கு உண்மையான கோபம். குழுவில் நன்றாகத் தெரிந்தவருக்குக் கேட்கக் கேள்வி இல்லை. பிறகு எதற்காக அவர் தினமும் எட்டிப்பார்க்கிறார்? ஆட்களுக்காக. பேச்சை வேறு அறைக்கு மாற்றினால் அவரும் அந்த அறைக்குப் போய்விடுவார். கேள்வி அறையில் கேள்வி மட்டும் இருக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பார்? நன்றாகப் பதில் சொன்னவரிடமா, நாலு வருடமாக மீ சியாம் பேசியவரிடமா?

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். டெங்கி எச்சரிக்கை போன்ற அறிவிப்பு அரட்டையில் கரையக் கூடாது. தொட்டித் தட்டில் தேங்கிய நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்ட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தில் ஒட்டிய கொசுமுட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு நிர்வாகி மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு இருக்கட்டும். எதிரணிக்கு நான் தருவது அந்த ஓர் அறைதான்.

மணி அடித்துவிட்டது. அடுத்து வருகிற எதிரணித் தலைவரிடம் ஒரே கேள்வி: வடக்குப் பார்த்த வீடு என்று தானாகச் சொல்லத் தெரியாதவரிடமிருந்து, அரட்டை இல்லாமல் அதை எப்படி வாங்குவீர்கள்? சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.