கையை லேசாக விட்டால் வண்டி எங்கே போகும்?

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஸ்டீரிங் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அம்பாசிடர்னா அப்படித்தான் சார் ஆடும்" என்பார்கள். இந்த 'அப்படித்தான்' என்ற சொல்லோடுதான் எனக்கு ரொம்ப வருஷமாகச் சண்டை.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்த வண்டி அது. மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங், அதாவது ஒரு பல்சக்கரம் பல் வெட்டிய தண்டை இடம் வலமாகத் தள்ளும், இன்றைய சின்னக் கார்களிலும் அதே வகைதான். பியட்டில் இருந்த பெட்டி வகையோடு ஒப்பிட்டால் நடுவில் ப்ளே, அதாவது ஸ்டீரிங் அசைந்தும் சக்கரம் அசையாத தளர்ச்சி, குறைவாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் ஏன் ஆடுகிறது?

ரேடியோவில் படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் சக்கரம் சுழலும் ஆணி முன்னால் இருக்கும், சக்கரம் கொஞ்சம் பின்னால் இழுபட்டு வரும். நீங்கள் தள்ளுகிற பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும். சைக்கிளில் கையை விட்டு ஓட்டியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும், முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். காரிலும் முன் சக்கரம் திரும்புகிற அச்சைச் சில டிகிரி பின்பக்கம் சாய்த்து வைப்பார்கள். பட்டறையில் காஸ்டர் என்பது இதைத்தான். வண்டி நேராகப் போவதும், திருப்பிய ஸ்டீரிங் தானே திரும்பி வருவதும், வளைவில் கையில் கனம் தெரிவதும் பெரும்பாலும் இந்தச் சாய்வால்தான். அந்தச் சாய்வு போனால் எல்லாம் போச்சு.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டாம் கையாக ஓர் அம்பாசிடர் வாங்கினேன். திருச்சி–மதுரை சாலையில் எதிரே ஒரு பஸ் கடந்தால் போதும், வண்டி ஒரு முழம் ஒதுங்கும், நான் திருத்துவேன், அது மறுபக்கம் போகும், மேலூர் வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனை, டை ராடு எண்ட், அதை மாற்றினேன். அலைன்மென்ட் இரண்டு தடவை. டயர்களை இடம் மாற்றிப் போட்டேன். ஒரு பட்டறையில் ரேக்கையே மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினேன், பணம்தான் போனது. கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் வயசான மிஸ்திரி ஒருவர், டம்ளரைக் கீழே வைக்காமலே, வண்டியைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி கும்பிட்டுக்கிட்டு நிக்குதே தம்பி!"

பார்த்தால் உண்மைதான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருக்கிறார். சுமை இல்லாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கு கவிழ்ந்து நிற்கிறது. மொத்த வண்டியும் முன்னால் சாய்ந்தால் காஸ்டரும் அந்த அளவுக்குக் குறையத்தானே செய்யும்? இதன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 97 அங்குலம். பின்பக்கம் ஒன்றே முக்கால் அங்குலம் ஏறினாலே சாய்வில் ஏறத்தாழ ஒரு டிகிரி போய்விடும். என் வண்டி மூன்று அங்குலம் ஏறி நின்றது. இருப்பதே சில டிகிரிதான் என்று சொன்னேன் இல்லையா, அதில் எவ்வளவு மிஞ்சும்? அந்தப் பட்டையை எடுத்து, அந்த ஸ்பிரிங்கை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். அந்தப் புஷ் தேய்ந்தால் பின் அச்சே கொஞ்சம் அங்கே இங்கே நகரும், வண்டியைப் பின்னாலிருந்து யாரோ ஓட்டுகிற மாதிரி இருக்கும். மறுநாள் விராலிமலை தாண்டி இரண்டு விரலில் பிடித்துப் போனேன். கையில் தெரிகிற கோளாறு முன்னால்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பின்னாலும் போய்ப் பாருங்கள், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொன்று. மழையில் வளைவில் போகும்போது ஸ்டீரிங் திடீரென்று லேசானால் சந்தோஷப்படாதீர்கள். முன் டயர் பிடி விடப்போகிறது என்ற சேதி அது. பவர் ஸ்டீரிங் வண்டிகளில் அந்தச் சேதி பல சமயம் மங்கலாகத்தான் வரும், அதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன்... ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கை காட்டுகிறார்கள். டயர் பற்றி மட்டும் ஒரு வரி: பழைய நைலான் டயரையும் ரேடியலையும் கலந்து போடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் ரேடியல் ஜோடி பின்னால், முன்னால் ஒருபோதும் வேண்டாம். காற்றையும் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வணக்கம்.