கோதுமையை நிறுத்தும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை: மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களுக்குச் சீலியாக் நோய் விளக்கம்

[திரையில்: காலை நேரத்துப் பேக்கரி, காகிதப் பைகளில் சூடான ரொட்டி]

வணக்கம். ரொட்டியோ ஃபராட்டாவோ சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது, அடிக்கடி பேதியாகிறது, உடம்பு காரணமில்லாமல் தளர்ந்துபோகிறது என்பதால், கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காகவே இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம். நிறுத்துவதற்கு முன் ஒரு வேண்டுகோள். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். பரிசோதனைகள் எல்லாம் முடியும்வரை கோதுமை உணவை வழக்கம்போல் சாப்பிட்டு வாருங்கள். கோதுமை சாப்பிட்ட சற்று நேரத்தில் தோல் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறுபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அது ஒவ்வாமையாக இருக்கக்கூடும் என்பதால், அவர்கள் அந்த உணவை உடனே விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

[திரையில்: சிறுகுடலின் உட்சுவர், வரைபடம்]

ஒத்துக்கொள்ளாத உணவைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்வது ஏன் என்று கேட்பீர்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவருடைய குடலில் இந்தப் புரதத்தின் துணுக்குகளை எதிரியென்று கருதும் நோயெதிர்ப்பு மண்டலம், அவற்றோடு நின்றுவிடாமல், திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் உடலின் சொந்த நொதியையும் தாக்கத் தொடங்குகிறது. சத்துகளை உறிஞ்சுவதற்காகச் சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் இந்தத் தாக்குதலில் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இரத்தப் பரிசோதனை தேடுவது அந்த நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான். குளூட்டனை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் படிப்படியாகக் குறையும், குடலுறிஞ்சிகளும் மெல்ல மீண்டும் வளரும். அது உடலுக்கு நல்லதே. ஆனால் அந்த நிலையில் செய்யும் பரிசோதனை, நோய் உள்ளவருக்கும் இல்லையென்றே சொல்லக்கூடும்.

கோதுமையை நீக்கினால் இந்நோயுற்றவர்கள் தேறுவார்கள் என்பதைக் கண்டறிந்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமைமீது 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமற்போனபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்தபோது மீண்டும் நலிந்ததும் அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தின. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார்.

[திரையில்: இந்திய வரைபடம்; பிறகு மொரீஷியஸ்]

இது வெள்ளைக்காரர்களின் நோய், சோறு உண்ணும் நமக்கு வராது என்ற எண்ணம் நம் குடும்பங்களில் மட்டுமல்ல, சில மருத்துவர்களிடமும் இருக்கிறது. 2016இல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். வட இந்தியாவில் நூறில் ஒருவருக்குச் சற்று மேலாகக் காணப்பட்ட சீலியாக் எதிர்ப்பொருள், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே காணப்பட்டது. ஆனால் இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் இரண்டு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருந்தன. பெரிதும் வேறுபட்டது தட்டில் இருந்த கோதுமையின் அளவு: வடக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

புதுச்சேரியிலிருந்து கொத்தர்களாகவும் தச்சர்களாகவும், 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகவும் இந்தத் தீவுக்கு வந்த நம் முன்னோர் அந்த மரபணுக்களோடுதான் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் காலையில் பேக்கரி ரொட்டியும், மதியம் தெருமுனையில் டால் பூரியும், மாலையில் வறுத்த நூடுல்ஸும் சாப்பிடுகிறோம். எனவே தென்னிந்தியாவின் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி இங்கே யாரும் நிம்மதியடைய முடியாது என்பது என் கருத்து. அந்த மரபணு உள்ள பெரும்பாலோருக்கு நோய் ஒருபோதும் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எந்த அறிகுறி கண்டால் பரிசோதிக்க வேண்டும்? வயிற்றுக் கோளாறு மட்டுமே அறிகுறி என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்கு வயிறு அமைதியாகவே இருக்கும். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் தீராத இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகைதான் முதல் தடயமாக இருக்கும். பெண்களின் இரத்தசோகைக்கு மாதவிடாயையே காரணமாகச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. இளவயதிலேயே எலும்பு மெலிதல், திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், அடுத்தடுத்த கருச்சிதைவு, முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளமாக எழுந்து தாங்க முடியாமல் அரிக்கும் தோல்நோய், குழந்தையின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவையும் இதன் முகங்களே. முதல் வகை நீரிழிவும் தைராய்டு தன்னுடல் தாக்குநோயும் உள்ளவர்களுக்கு இதன் வாய்ப்பு கூடுதல். நம் தீவில் வீட்டுக்கு வீடு காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவை நான் இங்கே குறிப்பிடவில்லை.

[திரையில்: ஆய்வகப் படிவம், இரண்டு வரிகள் அடிக்கோடிடப்பட்டு]

இனிப் பரிசோதனைக்கு வருவோம். மருத்துவர் எழுதித்தரும் படிவத்தில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஒன்று, டிடிஜி ஐஜிஏ எனப்படும், மேலே சொன்ன நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள். மற்றொன்று, மொத்த ஐஜிஏ. சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே உடலில் சரியாக உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு முதல் வரி எப்போதும் குறைவாகவே வந்து ஏமாற்றும், இரண்டாவது வரிதான் அந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும். அப்படித் தெரிந்தால் ஐஜிஜி என்னும் வேறு வகை எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைக்கு மாற வேண்டும். இரண்டாவது வரி விடுபட்டிருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்; இது உங்கள் உரிமைக்கு உட்பட்ட கேள்வி.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, ஆனால் குளூட்டன் சாப்பிட்டுவந்திருப்பது தேவை. ஏற்கெனவே கோதுமையைக் குறைத்துவிட்டவர்கள் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் ஒரு வேளைக்கு மேற்பட்ட உணவில் குளூட்டன் இருக்குமாறு குறைந்தது ஆறு வாரம் சாப்பிட்ட பிறகே பரிசோதிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல். பழையபடி சாப்பிடவே முடியாத அளவுக்கு அவதிப்படுகிறவர்கள் தாமாக முயலாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு உணவு பொருட்டில்லை என்பதால் அவர்களுக்கு அது உதவும். இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகளான டிகியூ2, டிகியூ8 ஆகிய இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோய் அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தால் மட்டும் அதை வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது.

எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தால் பெரியவர்களுக்கு வழக்கமாக எண்டோஸ்கோப்பி செய்வார்கள். வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து சில சிறு திசுத் துணுக்குகளை எடுப்பார்கள். துணுக்கு எடுப்பது வலிக்காது. பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால் ஒன்றிரண்டு துணுக்குகள் போதா. குழந்தைகளில், எதிர்ப்பொருள் அளவு இயல்பின் மேல் வரம்பைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு இரத்த மாதிரியில் இரண்டாவது வகை எதிர்ப்பொருளும் உறுதியானால், எண்டோஸ்கோப்பி இல்லாமலே நோயை உறுதிசெய்ய 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் இடமளிக்கிறது.

எல்லாப் பரிசோதனையிலும் இல்லையென்று வந்தும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. குளூட்டன் உணர்திறன் என்று சொல்லப்படும் அந்த நிலைக்குத் தனிப் பரிசோதனை கிடையாது, மற்றவற்றை விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும். சிலருக்குத் தொல்லை தருவது குளூட்டன்கூட அல்ல, கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள ஃபிரக்டன் என்னும் மாவுச்சத்து. அவர்கள் தங்களுக்குத் தாங்கும் அளவைக் கண்டறிந்து சாப்பிடலாம். சீலியாக் உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை, வாழ்நாள் முழுதும் துணுக்கும் கூடாது. இந்த வேறுபாட்டுக்காகவே பரிசோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

[திரையில்: கல்யாண வீட்டுச் சமையற்கட்டு, வாழையிலைகள்]

நோய் உறுதியானபின் நம் சமையல் நமக்குக் கைகொடுக்கிறது. சோறு, பருப்பு, இட்லி, தோசை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம், கீரை, மீன், தேங்காய் எல்லாம் இயல்பிலேயே பாதுகாப்பானவை. விலை கூடிய, இறக்குமதியாகும் பிஸ்கட்டுகளை நம்பி வாழ வேண்டியதில்லை. ஆபத்து ஒளிந்திருப்பது சிறு இடங்களில். கடையில் விற்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம், ஆகவே ஒரு சிட்டிகையில் ரசமும் சாம்பாரும் கெட்டுப்போகும். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. கோயில் பிரசாதத்தில் கேசரி ரவையால் செய்தது, பாயசத்தில் சேமியா இருக்கலாம்.

கல்யாண வீட்டு ஏழு கறி விருந்தைப் பாருங்கள். கறிகளில் பெருங்காயம் சரியாக இருந்தால் இலையில் விழும் சோறும் கறியும் பிரச்சினையில்லை. ஆனால் பூரி பொரித்த அதே எண்ணெயில் அப்பளத்தைப் போட்டால் பூரியின் மாவுத்துகள் அதில் ஒட்டிவரும். பூரி பரிமாறிய கையே அடுத்துச் சோற்றை அள்ளினாலும் அப்படித்தான். காதோ பிமா என்னும் மிளகாய் வடை பருப்பால் ஆனது என்றாலும், கடைக்காரரின் சட்டியில் வேறென்ன பொரிந்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சமைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, முதல் இலைக்குரியதைத் தனியாக எடுத்துவைக்கச் செய்வது மரியாதைக் குறைவாகாது. வீட்டிலும் ஃபராட்டா தேய்க்கும் பலகையும் தவாவும் தனியாக இருக்கட்டும்.

[திரையில்: பொட்டலத்தின் பின்புறம்]

இங்கே விற்கும் பல பொட்டலங்களில் பிரெஞ்சிலேயே எழுதியிருப்பதால், ப்ளே என்றால் கோதுமை, ஓர்ழ் என்றால் பார்லி, செக்ல் என்றால் ரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளூட்டன் இல்லை என்று பொருள்படும் சான் க்ளூட்டன் என்று அச்சிட்டிருந்தால், பன்னாட்டு உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸ் வாங்கும்போதும் அந்தக் குறி இருக்க வேண்டும், ஏனெனில் சாதாரண ஓட்ஸ் அறுவடையிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது.

உணவை மாற்றிய சில வாரங்களிலேயே பலருக்கு உடம்பு தெம்பாகும், எனினும் பெரியவர்களுக்குக் குடல் முழுமையாகத் தேற ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகலாம். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எதிர்ப்பொருளை மறுபடி பார்த்து, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, வைட்டமின் டி அளவுகளையும் எலும்பின் அடர்த்தியையும் மருத்துவர் சோதிப்பார்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இதே நோய் இருக்கக்கூடும், பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல். ஒருவருக்குத் துணையாக வீடே கோதுமையைக் கைவிடுவது அன்பான முடிவுதான். ஆனால் அதற்கு முன் அவர்கள் எல்லோரும் இரத்தப் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும்; இப்போது இல்லையென்று வந்த குழந்தைகளுக்கும் மரபணு இருந்தால் பின்னொரு வயதில் வரலாம் என்பதால், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.