முதுகில் 598: நூலகத்துக்கும் பழைய புத்தகக் கடைக்கும் ஒரே நாளில் போவது எப்படி?

[திரையில்: மேசைமேல் ஒரு பழைய பறவைப் புத்தகம். கேமரா மெதுவாக அதன் முதுகை நெருங்குகிறது.]

வணக்கம். இந்தப் புத்தகத்தை நான் ஒரு பழைய புத்தகக் கடையில் எடுத்தேன். இதன் முதுகைப் பாருங்கள். சின்ன வெள்ளைச் சீட்டு, அதில் 598 என்று இருக்கிறது. இது விலை இல்லை. இந்தப் புத்தகம் ஒரு காலத்தில் ஏதோ ஒரு நூலகத்தில் இருந்திருக்கிறது. அங்கே அதற்குக் கொடுத்த முகவரிதான் இந்த எண்.

ஒரு நகரத்தில் நூலகமும் பழைய புத்தகக் கடையும் இருந்தால் நான் இரண்டுக்கும் ஒரே நாளில் போவேன். காலையில் நூலகம், மாலையில் கடை. இந்த வரிசையை மாற்றமாட்டேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

[திரையில்: நூலக அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறோம். 5, 9, 8 என்று எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

முதலில் அந்த 598. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறை இது. உலக அறிவு மொத்தத்தையும் அவர் பத்துப் பெட்டிகளாகப் பிரித்தார். 500 என்றால் அறிவியல். அதற்குள் 590 விலங்குகள். அதற்குள் 598 பறவைகள். பக்கத்திலேயே 599, பாலூட்டிகள். புள்ளிக்குப் பிறகு எண் நீள நீளப் பொருள் நுணுகிக்கொண்டே போகும். எண்ணுக்குக் கீழே பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் சில எழுத்துகள் இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் தடுக்கி விழுவோம். 581.65 என்ற புத்தகம் 581.7-க்கு முன்னால் இருக்கும், பின்னால் இல்லை. 65 பெரியதாயிற்றே என்று தோன்றும். இது தசம எண். புள்ளிக்கு அடுத்த இலக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 7-ஐவிட 6 சிறியது. இது தெரியாமல் "புத்தகம் இல்லை" என்று திரும்பிப் போனவர்களில் நானும் ஒருவன்.

சரி, தமிழ் இலக்கியம் எங்கே இருக்கிறது? 894.811. கொஞ்சம் பின்வாங்கிப் பார்த்தால் வேடிக்கை புரியும். இலக்கியத்துக்கு டூயி ஒதுக்கியது 800 முதல் 899 வரை. அதில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840. இப்படியே இத்தாலியன், ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம் எல்லாம் ஆளுக்கொரு பெரிய வீடு எடுத்துக்கொண்டன. உலகத்தின் மற்ற மொழிகள் அத்தனையும் 890 என்ற ஒரே அறையில். அந்த நெரிசலில் தமிழுக்குக் கிடைத்த மூலை 894.811. நம் பக்கத்திலேயே 894-இல் துருக்கியும் ஃபின்னிஷும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாயிரம் வருட இலக்கியத்துக்கு ஆறு இலக்க முகவரி! அலமாரி எண் என்பது வெறும் எண் இல்லை, அதைப் போட்டவர் உலகத்தை எங்கே நின்று பார்த்தார் என்பதும் அதில் தெரியும்.

[திரையில்: ஒரு கட்டுமான விளையாட்டுப் பொம்மை. துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து புதுப் புது வடிவங்கள் ஆகின்றன.]

எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே பெட்டி போட்டுவிடும் இந்த முறையின் குறையை ஆழமாக யோசித்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தாராம். ஒரே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொருள் கிடைக்கிறது. புத்தகத்தின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பூட்டினால் என்ன? அதிலிருந்து வந்தது 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை.

ஆனால் நமக்கு இன்றைக்கு வேண்டியது நூலகங்களுக்காக அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள். அதில் மூன்றாவது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் இருக்கிறார். இதைத் திருப்பிப் படியுங்கள். வாசகர் புத்தகத்தைத் தேடுவது பாதி வேலைதான். புத்தகமும் வாசகர் கண்ணில் பட வேண்டும். பூட்டிய அலமாரியில் அது நடக்காது. நாமே உள்ளே போய்க் கையால் எடுத்துப் பார்க்கும் திறந்த அலமாரிதான் அதற்கு வழி.

அதனால் நூலகத்தில் என் பழக்கம் இது. கணினிப் பட்டியலில் ஒரே ஒரு புத்தகத்தைத் தேடி எண்ணைக் குறித்துக்கொள்வேன். அந்த இடத்துக்குப் போனதும் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு, அதற்கு இடமும் வலமும் ஒரு கை நீளத்துக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். அதே பொருளைப் பற்றிய எல்லாமே அங்கே இருக்கும். நாலைந்தை எடுத்து மேசையில் போட்டு, பொருளடக்கம், கடைசிப் பக்கச் சுட்டி, நடுவில் ஒரு பத்துப் பக்கம். ஒரு மணி நேரத்தில் எது திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும், எது ஒரு தடவைக்குப் போதும் என்று தெரிந்துவிடும். திரும்ப வேண்டியவற்றின் பெயர்கள் ஒரு தாளில். மாலையில் கடைக்குப் போவது அந்தத் தாளோடுதான்.

ஒரு வேண்டுகோள். எடுத்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள், மேசையிலேயே விடுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. இடம் மாறி வைத்த புத்தகம் கிட்டத்தட்டத் தொலைந்த புத்தகம். தவிர, மேசையில் கிடப்பவற்றைக் கணக்கெடுத்து எந்தப் புத்தகம் கைபடுகிறது என்று பார்க்கும் நூலகங்களும் உண்டு. யாரும் தொடாத புத்தகத்தை என்றைக்காவது கழித்துவிடுவார்கள்.

[திரையில்: மீண்டும் பறவைப் புத்தகம். உள் அட்டை. நீல மை முத்திரை.]

அப்படிக் கழிக்கப்பட்டதுதான் இது. உள்ளே பாருங்கள், நூலக முத்திரை; அதன்மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை. பழசானது, நைந்தது, புதுப் பதிப்பு வந்துவிட்டது, இடம் இல்லை என்று எத்தனையோ காரணங்கள். நூலகங்கள் புத்தகங்களைக் கழிப்பது தவறில்லை. ரங்கநாதனின் ஐந்தாம் விதியே நூலகம் ஒரு வளரும் உயிர் என்கிறது. ஆனால் கடையில் ஒரு புத்தகத்தில் நூலக முத்திரை மட்டும் இருந்து நீக்கிய அடையாளம் எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தராததாக இருக்கலாம். முதல் தாளைக் கிழித்திருந்தால் சந்தேகம் கூடும். பல நூலகங்கள் உள்ளே ஏதோ ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை வைக்கும். ரகசியப் பக்கம் என்பார்கள். கிழித்தவருக்கு அது தெரிந்திருக்காது.

[திரையில்: பழைய புத்தகக் கடை. தரையிலிருந்து உயரும் அடுக்குகள். மாலை வெளிச்சம்.]

இப்போது கடை. இங்கே டூயியும் இல்லை, ரங்கநாதனும் இல்லை. சமையல் புத்தகத்துக்கு அடியில் கால்குலஸ் இருக்கும். சில கடைக்காரர்களுக்கு மட்டும் எந்தக் கட்டில் எது இருக்கிறது என்று மனப்பாடம். அதனால் முதலில் தாளைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பிறகு அடுக்குகளைப் பாருங்கள். அடியிலிருக்கும் புத்தகம் வேண்டுமென்றால் உருவாதீர்கள். மேலே இருப்பதை இறக்கிவிட்டு எடுங்கள்.

நூலகத்தில் நாம் பார்த்தது எழுத்தை. கடையில் பார்க்க வேண்டியது உடம்பை. எழுத்து நல்லதா என்று காலையிலேயே முடிவு செய்தாகிவிட்டது, அதனால் இங்கே முழுக் கவனமும் இந்த ஒரு பிரதிமேல்.

முதலில் பக்கங்கள். புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாக, அதாவது பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடிப்பார்கள். ஒரு ஃபாரம் என்றால் பெரும்பாலும் 16 பக்கங்கள். பைண்டிங்கில் தவறு நடந்தால் ஒரு பக்கம் அல்ல, மொத்தமாகப் பதினாறும் விட்டுப் போகும், அல்லது அதே பதினாறு இரண்டு தடவை வரும். ஒரு துப்பறியும் நாவலை ஆசையாக வாங்கி, 208-ஆம் பக்கத்துக்கு அடுத்து 225 வந்ததைப் பார்த்து உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. கொலையாளி அந்தப் பதினாறில்தான் மாட்டியிருக்கிறான். அன்றிலிருந்து பக்க எண்களை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

[திரையில்: பதிப்புரிமைப் பக்கம். 10 9 8 7 6 5 4 3 என்ற எண் வரிசை பெரிதாகிறது.]

அப்புறம் பதிப்புரிமைப் பக்கம். தமிழ்ப் புத்தகங்களில் முதற்பதிப்பு எது, மறுபதிப்பு எது என்று வருடத்தோடு போட்டிருப்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் பல சமயம் இப்படி ஒரு எண் வரிசை மட்டும் இருக்கும். அதில் எது மிகச் சிறிய எண்ணோ, அதுதான் எத்தனையாவது அச்சு என்பது. இங்கே 3, ஆக மூன்றாம் அச்சு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் ஒரு துப்பு: அது சர்வதேசத் தரமானது 1970-இல். 2007 தொடக்கத்தில் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கத்துக்கு மாறியது. பத்து இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அச்சு. எண்ணே இல்லையென்றால் ரொம்பப் பழசு, அல்லது எண் வாங்காத சின்னப் பதிப்பகம்.

இப்போது மூக்கு. சிரிக்காதீர்கள், மோந்து பார்த்தே ஆக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கந்தல் துணிக்குப் பதிலாக மரக்கூழில் காகிதம் செய்யத் தொடங்கினார்கள். மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகும். மை ஊறாமல் இருக்கச் சேர்த்த படிகாரம் காகிதத்தில் அமிலத்தை உண்டாக்கி இழைகளை நொறுங்க வைக்கும். லிக்னின் சிதையும்போது வெளிவரும் பொருள்களில் ஒன்று வனிலின், வெனிலா மணத்துக்குக் காரணமான அதே பொருள். பழைய புத்தகத்தின் அந்த லேசான இனிப்பு வாசனைக்கு இதுவும் ஒரு காரணம். அந்த வாசனை என்றால் பயமில்லை. ஈரத் துணி மாதிரி முக்கல் வாசனை என்றால் பூஞ்சை. எவ்வளவு அரிய புத்தகமானாலும் நான் வைத்துவிடுவேன். அது வீட்டிலிருக்கும் மற்ற புத்தகங்களுக்கும் பரவும்.

துளைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். வண்டுப் புழு குடைந்த துளை அது. புதுசாகப் பொடி உதிர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பூச்சி பிடித்த புத்தகங்களை நூலகங்களில் மைனஸ் 20 டிகிரியில் ஓரிரு வாரம் உறைய வைப்பார்கள். நீங்களும் செய்யலாம்: பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் கழித்துப் பையைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் தாளில் படியும். கிழிசலுக்கு செலோ டேப் மட்டும் போடாதீர்கள். சில வருடங்களில் டேப் உரிந்துவிடும், பசையின் பழுப்புக் கறை தாளிலேயே தங்கிவிடும்.

[திரையில்: மேசைமேல் ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு புத்தகங்கள்.]

நாள் முடிந்தது. பையில் நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய ஒன்று, கடையில் வாங்கிய ஒன்று. எதை முதலில் படிப்பது என்று கேட்டால், நூலகத்துப் புத்தகத்தைத்தான். அதற்குத் திருப்பித் தர வேண்டிய தேதி இருக்கிறது.