18 அங்குலம்: ட்ராம் சட்டம் வீதியை யாருக்குக் கொடுத்தது?

(உள்ளூராட்சி ஊழியர்களும் சட்ட மாணவர்களும் கூடியிருந்த மட்டக்களப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவையிலுள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் ட்ராம், அதாவது வீதியில் பதித்த தண்டவாளத்தில் போகும் வண்டி, ஓடியதில்லை. ஓடாத ஊரில் ட்ராம் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓட்டமாவடிப் பழைய பாலத்தை மறக்காதவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். புதுப் பாலம் வரும்வரை ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் அந்த ஒரே தளத்தில்தான் போயின. தண்டவாளம் தளத்தின் மட்டத்திலேயே கிடக்கும். அதன் இடுக்கில் சைக்கிள் சில்லு இறங்கினால் ஆள் விழுந்தது விழுந்ததுதான். ரயில் வருகிறதென்றால் மற்ற எல்லாரும் நின்று வழிவிட வேண்டும்.

பிரித்தானியாவில் 1870 இல் வந்த ட்ராம் சட்டத்தில் இந்தக் கடைசி விதி தலைகீழ். அங்கே வீதி சனத்துடையது. இரும்பு மட்டுமே கொம்பனியுடையது. 1928 இல் மட்டக்களப்புக்கு வந்த ரயில் தனக்கென ஒதுக்கிய நிலத்தில் வந்தது. ட்ராம் கொம்பனி வீதிக்கு ஒரு சாண் நிலமும் வாங்குவதில்லை. பிறர் நடக்கிற வீதியில் தண்டவாளத்தைப் புதைத்து, அதன்மேல் இலாபத்துக்கு வண்டி விடுகிறது. இதற்கு என்ன விலை கேட்பது என்பதுதான் ட்ராம் சட்டம் முழுவதிலும் உள்ள ஒரே கேள்வி.

சட்டம் வருமுன் இங்கிலாந்தில் ஒருவர் துணிந்து பார்த்தார். ஜோர்ஜ் பிரான்சிஸ் ட்ரெயின் என்ற அமெரிக்கர், 1860 இல் பர்க்கன்ஹெட்டிலும் அடுத்த ஆண்டு லண்டனிலும் ட்ராம் பாதை போட்டார். அவருடைய தண்டவாளம் வீதி மட்டத்துக்கு மேலே படிபோலத் துருத்தி நின்றது. மற்ற வண்டிகளின் சில்லு அதில் மோதியது. வண்டிக்காரரும் வீட்டுக்காரரும் கொதித்தார்கள். வழக்கு போனது. பொதுவீதியில் இப்படி இரும்பைப் பதிப்பது பொதுத்தொல்லை என்று 1862 இல் முடிவாயிற்று, லண்டன் தண்டவாளம் கிளப்பப்பட்டது. நாடாளுமன்றத்தின் அனுமதியில்லாமல் வீதியில் ஒரு தண்டவாளமும் கிடக்க முடியாது என்பது அதோடு உறுதியானது.

அடுத்து வந்ததுதான் 1870 ஆம் ஆண்டின் ட்ராம் சட்டம். அதில் ஏழெட்டுப் பிரிவுகளை ஊன்றிப் படித்தால் போதும். 25 ஆம் பிரிவு நேரே அந்தப் படித் தண்டவாளத்துக்கு விடை: தண்டவாளத்தின் மேற்பரப்பு வீதியின் மேற்பரப்போடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். போடும்போது மட்டுமல்ல, பிறகும் அதே மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். தார் போடப் போட வீதி உயர்ந்து, வாசற்படி கீழே போன வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை விளங்கும்.

வீதியைக் கிண்டுவதற்கான விதிகள் இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கிறவை. 7 நாள் முன்னறிவித்தல். வீதிக்குப் பொறுப்பானவரின் மேற்பார்வை. அந்த மேற்பார்வைச் செலவும் கொம்பனியின் கணக்கில். ஒரே நேரத்தில் 100 யார் நீளத்துக்கு மேல் கிண்டக் கூடாது. வீதி கால் மைலுக்கு மேல் நீளமென்றால், கிண்டிய இரண்டு இடங்களுக்கு நடுவே கால் மைலாவது இடைவெளி வேண்டும். கூடியது 4 கிழமைக்குள் மூடிச் செப்பனிட வேண்டும். அதுவரை வேலியும் காவலும் இரவில் விளக்கும். தவறினால் 20 பவுண் வரை தண்டம், அதற்கு மேலும் நீடித்தால் நாளொன்றுக்கு 5 பவுண் வரை. தண்டத்தை நாட்கணக்கில் வைத்ததுதான் இதில் கெட்டித்தனம். ஒரே தொகையாக வைத்தால் ஒப்பந்தக்காரர் அதை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

இனி 28 ஆம் பிரிவு. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட வீதியையும், வெளிப்புறம் இரண்டு பக்கமும் 18 அங்குலத்தையும் கொம்பனியே எந்நாளும் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். இரட்டைத் தடத்தில் இரண்டு தடங்களுக்கு நடுவே 4 அடிக்கு மேற்படாத இடைவெளி இருந்தால் அதுவும் கொம்பனியின் பொறுப்பு.

ஏன் 18 அங்குலம்? வீதி முதலில் உடைவது தண்டவாளத்தின் ஓரத்தில்தான். இரும்பு நெளியாது, கல்லும் கிறவலும் அமுங்கும். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை தண்டவாள ஓரத்தைப் பிடித்துக்கொண்டே உருளும். அங்கே ஒரு பள்ளம் வரியாக விழும். மழைநீர் அதில் இறங்கி அடிமண்ணை இளக்கும். பிறகு தண்டவாளமே ஆடத் தொடங்கும். ஆடுகிற தண்டவாளம் பக்கத்துக் கல்லை இன்னும் பெயர்க்கும். உடைவு பரவும் அகலம் வரைக்கும் உடைத்தவன் தலையில் சுமத்தியிருக்கிறார்கள்.

அளந்து பார்ப்போம். சட்டம் வேறு அளவு சொல்லாத இடத்தில் தட அகலம் 4 அடி 8½ அங்குலம். ஒற்றைத் தடத்துக்கு இரு பக்கமும் 18 அங்குலம் சேர்த்தால் 7 அடி 8½ அங்குலம். இரட்டைத் தடத்தில் நடு இடைவெளி 4 அடி என்றால் மொத்தம் 16 அடி 5 அங்குலம். சாதாரணக் கடைவீதியொன்றில் பாதி வீதி இது. அந்தப் பாதியை ட்ராம் மட்டும் பாவிக்கவில்லை, ஊரே பாவித்தது. ஒரு கொம்பனிக்காரர் இதைப் பார்த்துப் பல்லைக் கடித்தால் வியப்பில்லை. குதிரை ட்ராமின் காலத்திலாவது கொம்பனியின் குதிரையின் குளம்பு நடுவீதிக் கல்லைத் தேய்த்தது. மின்சாரம் வந்த பிறகு அந்த நியாயமும் போயிற்று, சுமை மட்டும் மாறவில்லை. என்றாலும் வரி கட்டுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல விதி என்பதுதான் என் எண்ணம்.

அகலம் பற்றி இன்னும் இரண்டு. நடைபாதை விளிம்புக்கும் கிட்டிய தண்டவாளத்துக்கும் இடையே, 30 அடியோ அதற்கு மேலோ நீளத்துக்கு, 9 அடி 6 அங்குலம் இல்லாவிட்டால், அந்த இடத்து வீட்டுக்காரர், கடைக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுத்தில் மறுத்தால் போதும், அங்கே தடம் போட முடியாது. கடைவாசலில் ஒரு வண்டி சாமான் இறக்கி நிற்க, ட்ராம் அதை உரசாமல் போகவேண்டும் என்ற கணக்கு இது. இதன்படி ஒற்றைத் தடத்துக்கே வண்டி ஓடும் பகுதி 23 அடி 8½ அங்குலம் வேண்டும். பழைய கல்லடிப் பாலத்தில் எதிரெதிரே இரண்டு லொறிக்கே இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மற்றது, வண்டியின் உடல் சில்லின் வெளிவிளிம்புக்கு அப்பால் 11 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. குறுகிய தடத்தில் வண்டியும் குறுகும், இருக்கையும் குறையும், வருமானமும் குறையும். தடத்தைக் குறுக்கிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இந்த 11 அங்குலம் இடித்தது.

நீராவிக்கு வந்தால், சட்டம் தனியே சொல்லாவிட்டால் விலங்கு மட்டுமே இழுக்கலாம் என்பது பொதுவிதி. நீராவி எந்திரம் வேண்டுமானால் தனி அனுமதி. புகை தெரியக் கூடாது, இரைச்சல் கூடாது, தண்டவாளத்துக்கு 4 அங்குலத்துக்கு மேலே உள்ள இயந்திர உறுப்பெல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் மற்றவர்களின் குதிரை மிரளாமல் இருக்க.

மின்சாரம் வேறு கதை. மேலே ஒரு கம்பி வழியே மின்னோட்டம் வண்டிக்கு வரும். திரும்பும் வழி தண்டவாளம். தண்டவாளத் துண்டுகளின் பொருத்துகளில் துருப்பிடித்தால் மின்னோட்டம் அங்கே தடைப்பட்டு மண்ணுக்குள் இறங்கும். பக்கத்தில் கிடக்கும் தண்ணீர்க் குழாய் அதற்கு வசதியான வழி. குழாயில் ஏறும் இடத்தில் கேடில்லை. மின்நிலையத்துக்குக் கிட்ட, குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் இரும்பு கரையும். ஓர் அம்பியர் ஓர் ஆண்டு முழுக்க இப்படி வெளியேறினால் ஏறத்தாழ 9 கிலோ இரும்பு போய்விடும். குழாய் ஓட்டையானால், ட்ராம்தான் காரணமென்று யாரும் முதலில் நினைக்கமாட்டார்கள். ஆகவே லண்டனிலிருந்த அரசுத் துறையான வர்த்தக வாரியத்தின் விதி, திரும்பும் தண்டவாளத்தில் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் 7 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு வரக் கூடாது என்று எல்லை கட்டியது. கொம்பனி அதற்காகப் பொருத்துகளைச் செப்புக் கம்பியால் இணைக்க வேண்டும், தேவையான இடத்தில் தண்டவாளத்திலிருந்து மின்நிலையத்துக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். வாவி சூழ்ந்த புளியந்தீவு மாதிரி உப்பு ஊறிய மண்ணில் இந்த விதியின் தேவை இரட்டிப்பு. உப்புநீர் மின்னை இலகுவாகக் கடத்தும்.

1895 இல் சென்னையில் தொடங்கிய மின்சார ட்ராம், கம்பியை வீதிக்கு அடியில் ஒரு வாய்க்காலுக்குள் வைத்துப் பார்த்தது. மழைகாலத்தில் வெள்ளம் வாய்க்காலுக்குள் புகுந்தது. கடைசியில் மேற்கம்பிக்கே மாறினார்கள்.

இனிக் காசு. கொழும்பு, சென்னை, கல்கத்தா என்று எந்த ஊர் ட்ராம் பத்திரத்தையும் லண்டன் முதலீட்டாளர் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டியிருப்பார். உள்ளூராட்சி எப்போது, என்ன விலைக்கு வாங்கலாம் என்று. 1870 சட்டத்தின் 43 ஆம் பிரிவு இதன் மூலம். அதிகாரம் கிடைத்த நாளிலிருந்து 21 ஆண்டு முடிந்ததும் 6 மாதத்துக்குள், தவறினால் பிறகு ஒவ்வொரு 7 ஆண்டு முடிவிலும் 6 மாதத்துக்குள், உள்ளூராட்சி கேட்டால் கொம்பனி விற்றே ஆகவேண்டும். விலை, அந்த நேரத்துப் பெறுமதி. கடந்த இலாபத்துக்கும் வரப்போகும் இலாபத்துக்கும் ஒரு சதமும் இல்லை. கட்டாய விற்பனைக்கான நட்டஈடும் இல்லை. நன்றாக உழைக்கிற தொழிலின் பெறுமதியை வருமானத்தை வைத்துக் கணிக்க வேண்டும் என்று கொம்பனிகள் வாதாடின. 1894 இல் லண்டன், எடின்பரோ வழக்குகள் இரண்டிலும், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது: இன்று புதிதாகப் போட என்ன செலவாகும், அதில் தேய்மானம் எவ்வளவு, அதைக் கழித்து மிஞ்சுவதே விலை.

இதன் விளைவைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு லட்சம் பவுண் முதல் போட்டு, முடிவில் பெறுமதி ஒன்றும் மிஞ்சாது என்று வைத்தால், 3 சதவீத வட்டியில் 21 ஆண்டில் முதலை மீட்க ஆண்டுக்கு ஏறத்தாழ 3,490 பவுண் ஒதுக்க வேண்டும். 42 ஆண்டு என்றால் 1,220 போதும். மின்விளக்குக் கொம்பனிகளுக்கும் 1882 சட்டம் 21 ஆண்டுதான் கொடுத்தது. முதலீடு வராமல் போகவே 1888 இல் அதை 42 ஆக்கினார்கள். ட்ராமுக்கு 21 அப்படியே கிடந்தது. பலன், கடைசி ஐந்தாறு ஆண்டில் கொம்பனி ஒரு தண்டவாளத்தையும் மாற்றாது. மாற்றினால் வாங்கப் போகிறவருக்கு வாசி, தனக்குச் செலவு. குதிரையை விட்டு மின்சாரத்துக்கு மாறவேண்டிய 1890களில்தான் முதல் கொம்பனிகளின் 21 ஆண்டு முடிந்தது. பழைய கொம்பனிகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தன, நகரசபைகள் வாங்கின. 21 ஆண்டு என்ற எண் பிழை, விலை விதி சரி என்பேன். இரண்டையும் ஒன்றாகக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சட்டம் கடல்கடந்தபோது மாறியது அதிகாரத்தின் இருப்பிடம். இங்கிலாந்தில் வர்த்தக வாரியம் தற்காலிக ஆணை மட்டுமே கொடுக்கும். நாடாளுமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். பம்பாய்க்கு 1874 இலும் கல்கத்தாவுக்கு 1880 இலும் தனிச்சட்டம் வந்த பிறகு, 1886 இல் பிரித்தானிய இந்தியா பொதுச்சட்டமொன்றைப் பெற்றது. அதில் உள்ளூராட்சியின் இணக்கம் வேண்டும், வரைவு வர்த்தமானியில் வரும், எதிர்ப்பு இருந்தால் கவனிக்கப்படும். ஆனால் ஆணையை மாகாண அரசே பிறப்பிக்கும். மேலே உறுதிசெய்யும் மன்றம் கிடையாது. வர்த்தமானி படிக்காத கடைக்காரருக்கு, வாசலில் கிண்டத் தொடங்கும்போதுதான் செய்தி தெரியும்.

கொழும்பில் பௌஸ்டெட் சகோதரர்கள் தொடங்கிய ட்ராமை ஒரே கொம்பனி மின்விளக்கோடு சேர்த்து நடத்தியது. 1929 இல் ஏ. ஈ. குணசிங்ஹ தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1944 இல் மாநகர சபை ட்ராமைக் கையேற்றது. 1960 இல் ஓட்டம் நின்றது. பம்பாயில் மாநகராட்சி கையேற்றது 1947 ஆகஸ்ட் 7. இலாபத்தோடு ஓடிய காலம் முழுக்கக் கொம்பனியிடமும், பஸ்ஸின் போட்டியும் தேய்ந்த தண்டவாளமும் சபையிடமும் சேர்ந்த கதை பல ஊர்களில் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஓட்டம் நின்ற பிறகு தண்டவாளம் யாருடையது? 41 ஆம் பிரிவின்படி, 3 மாதம் தொடர்ந்து ஓடாவிட்டால் கொம்பனியின் அதிகாரம் முடிந்ததாக வாரியம் ஆணையிடலாம். பிறகு வீதிக்குப் பொறுப்பானவர்கள் தண்டவாளத்தைக் கிளப்பி, வீதியைச் சீராக்கி, செலவைக் கொம்பனியிடம் அறவிடலாம். கொடுக்காவிட்டால் கிளப்பிய இரும்பை விற்று எடுத்துக்கொள்ளலாம். கைவிட்ட கொம்பனி பெரும்பாலும் வங்குரோத்தான கொம்பனிதான் என்பதால், கடைசியில் கையில் வருவது இரும்பு விலை மட்டுமே. இரும்பு விலையைவிடக் கிளப்பும் கூலி கூடினால் யாரும் கிளப்புவதில்லை. மேலே தாரைப் போட்டு மூடிவிடுவார்கள்.