ஐந்து வெள்ளியும் அடைத்த லோங்காங்கும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பினாங்குத் தமிழ் மக்களே, வணக்கம்.

பினாங்கில் மாநகர மன்றத் தேர்தல் திரும்பி வந்தால், வேட்பாளர் முதலில் தர வேண்டிய வாக்குறுதி வரிக் குறைப்பா, சேவையா? இதுதான் தலைப்பு. சேவைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன், "சுக்காய் பிந்து பில், அதான் வீட்டு வரி பில், வந்தாலே என் மனைவி முகம் மாறுகிறது" என்றார். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்ட் முடிவதற்குள் ஒன்று என்று என் வீட்டிலும் ஆண்டுக்கு இரண்டு தடவை முகம் மாறுகிறது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதில் இத்தனை விழுக்காடு என்று போடும் வரி இது. பேச்சுக்குப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 6,000 வெள்ளி (ரிங்கிட்) என்று மதிப்பிட்ட வீட்டுக்கு வரி 600. வேட்பாளர் அதை ஒன்பது விழுக்காடாக்கினால் மிச்சம் 60. மாதத்துக்கு ஐந்து வெள்ளி! ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக், போயிற்று. அதே குறைப்பில் 60,000 வெள்ளி மதிப்புள்ள பங்களாக்காரருக்கு 600 மிச்சம். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு? பில் வீட்டுக்காரர் பெயரில் அல்லவா வருகிறது! வரி குறைந்தது என்று வாடகையைக் குறைத்த வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் ஐயா, மாலையோடு போகிறேன்.

ஆனால் குப்பை லாரி வாடகைக்காரர், சொந்த வீட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. லோங்காங்கில், அதாவது தெருவோரக் கால்வாயில், ஓடும் தண்ணீரும் பார்ப்பதில்லை. 2017 நவம்பரில் தீவே மூழ்கியது. அந்த மழைக்கு எந்தக் கால்வாயும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். சாதாரண சாயங்கால மழைக்கே தண்ணீர் வாசலுக்கு ஏறுகிறதே, அது ஏன்? குடித்துவிட்டு வீசி லோங்காங்கில் மிதக்கிற தே ஓ ஐஸ் பொட்டலத்தைக் கேளுங்கள். ஒரு தடவை தண்ணீர் உள்ளே வந்தால் மெத்தை போச்சு, ஐஸ் பெட்டி போச்சு. அண்ணன் தரும் ஐந்து வெள்ளியை எத்தனை வருஷம் சேர்த்தால் ஓர் ஐஸ் பெட்டி?

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறோம். மலையாகக் குவியும் தேங்காய் ஓடுகளை மறுபடி வண்டி ஓடுவதற்குள் அள்ளுவது மாநகராட்சி ஊழியர்கள். நேர்த்திக்கடன் நம்முடையது, துடைப்பம் அவர்களுடையது. அந்தத் துடைப்பத்துக்கும் வரிப்பணம்தான்.

1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது முதல் மேயர் யார்? நம்ம டி.எஸ். இராமநாதன். மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த அந்த மன்றம் மின்சாரம் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, பேருந்தும் ஓட்டியது. 1965இல் தேர்தலை நிறுத்தினார்கள். திரும்ப வேண்டும் என்று ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தும் வரவில்லை. 1976 ஊராட்சி மன்றச் சட்டத்துக்குப் பிறகு நியமன உறுப்பினர்கள்தான். இத்தனை வருஷம் கழித்து ஓட்டுச் சீட்டு கைக்கு வந்தால், அதை ஐந்து வெள்ளிக்கா விற்பது?

எதிரணித் தங்கை ஒன்று சொன்னார்: நல்ல நடைபாதைக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்கிறார்கள், நம் காசு வீணாகிறது என்று. நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் என் வேட்பாளர் கணக்கை வெளியே வைப்பார்: இந்த வட்டாரத்தில் வசூல் இவ்வளவு, கால்வாய்க்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு. வீண் செலவைப் பிடித்தால், தங்கை, அந்தப் பணமும் லோங்காங்குக்கே போகட்டும்.

தீவின் குப்பை கடல் தாண்டி செபராங் பிறையில் உள்ள புலாவ் பூரோங் கிடங்குக்குப் போகிறது. வரி குறைந்தது என்று டீசலும் விலை குறையுமா? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றே ஒன்று சொல்லட்டும்: உங்கள் வேட்பாளர் குப்பை லாரியை வாரத்தில் எந்த நாள் நிறுத்தப் போகிறார்?