பாகனினியிடம் இருந்தது பிசாசின் வித்தையா?

அடுத்த கேள்வி. "இத்தாலிய வயலின் மேதை பாகனினி பிசாசிடம் ஆன்மாவை விற்றுத்தான் அப்படி வாசித்தார் என்கிறார்களே, உண்மையா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லைங்க. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். 1782-ல் ஜெனோவாவில் பிறந்தவர். அப்பா மகா கண்டிப்பு. சாதகம் போதவில்லை என்றால் பையனுக்குச் சாப்பாடு கிடையாதாம். அப்படி வளர்ந்த கையின் உழைப்பைக் கொண்டுபோய் பிசாசின் கணக்கில் எழுதலாமா?

அவருடைய முதல் வயலின் கான்செர்டோவையே பாருங்கள். கான்செர்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. வாத்தியக் குழுவுக்கு ஈ-ஃப்ளாட் மேஜர் என்ற சுருதியில் எழுதினார். தன் பகுதியை மட்டும் அதைவிட அரைக்கட்டை கீழே இருக்கும் டி மேஜரில் எழுதி, வயலினின் நான்கு தந்திகளையும் அரைக்கட்டை ஏற்றிச் சுருதி சேர்த்துக்கொண்டார். காதுக்கு இரண்டும் ஒரே சுருதிதான். ஆனால் டி மேஜர் விரல்பிடிப்பில் விரல் வைக்காத வெறும் தந்திகள் தாராளமாகக் கிடைக்கும். நாதம் கணீரென்று வரும். குழுவில் இருக்கும் வயலின்களுக்கு அந்த வசதி குறைவு, ஒலி கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். ஒற்றை வயலின் அத்தனை பேருக்கும் மேலே எப்படி எழும்புகிறது என்று புரியாதவர்களுக்கு அது மாயம். எனக்கு அது வாத்தியத்தின் உடம்பை அறிந்தவர் போட்ட கணக்கு.

கான்செர்டோக்களை அச்சுக்குத் தராமல் பொத்தி வைத்திருந்தார்தான். ஆனால் தனி வயலினுக்கு எழுதிய 24 கப்ரீஸ்கள் என்ற சிறு உருப்படிகளை 1820-ல் வெளியிட்டு, "கலைஞர்களுக்கு" என்று சமர்ப்பணம் செய்தார். இன்றைக்கும் மாணவர்கள் அவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வதந்தி என்னவோ கடைசி வரை விடவில்லை. 1840-ல் நீஸ் நகரில் இறந்தபோது, சாகும் தறுவாயில் செய்யும் கிறிஸ்தவச் சடங்குக்காக முன்பே வந்த பாதிரியாரைத் திருப்பி அனுப்பியிருந்தார் என்பதால் பிஷப் அடக்கத்துக்கு அனுமதி தரவில்லை. உடல் இடம் மாறி மாறி, 1876-ல்தான் பார்மா கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த மனிதர் எப்படிப்பட்டவர் தெரியுமா? 1838 டிசம்பர், பாரிஸ். பெர்லியோஸ் என்ற இசையமைப்பாளரின் கச்சேரி. பாகனினிக்கு அப்போது குரலே போய்விட்டது. சின்னப் பையனான மகன் அக்கில் அப்பாவின் வாயருகே காதை வைத்துக் கேட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். கச்சேரி முடிந்ததும் பாகனினி எல்லார் முன்னிலையிலும் பெர்லியோஸ் முன் மண்டியிட்டார். அப்புறம் 20,000 பிராங்க் கொடுத்தனுப்பினார். கடனில் தவித்த பெர்லியோஸ் அந்தப் பணத்தின் தைரியத்தில் 'ரோமியோ ஜூலியட்' சிம்பொனியை எழுதி அவருக்கே சமர்ப்பித்தார். அதைக் கேட்க பாகனினிக்குக் கொடுத்து வைக்கவில்லை.